ஈரத்துணி காயப்போட்டால் விழும் சுவிட்ச்

ஐப்பசி 9, வெள்ளி

குடவாசலில் ஜொஹரா அம்மா வீட்டுக்கு இன்று மூன்றாம் முறையாக வயரிங் பார்க்கப் போனேன். பத்து நாளாக அங்கே, கரண்ட் கசிந்தால் தானே அணையும் டிரிப் சுவிட்ச் நினைத்தபோது விழுந்து, வீடு முழுக்கக் கரண்ட் நின்றுவிடுகிறது. மகன் குத்தகை வழக்குக்காகத் திருவாரூர் போயிருந்தார். அம்மாவும் ஏழு மாதக் கர்ப்பிணியான மருமகள் ஷமீமும்தான் இருந்தார்கள்.

"அந்தச் சனியனைக் கழட்டிட்டு நேரா லைன் குடுத்துடுங்க தம்பி," என்றார் அம்மா, போன முறை போலவே.

ஒவ்வொரு லைனாகப் பிரித்துப் பார்த்தேன். எதிலும் குறை தெரியவில்லை. அலுத்துப்போய், "எப்பங்க விழுது?" என்று கேட்டேன்.

"நான் துணி காயப்போடுறப்பதான் விழுதுண்ணே," என்றாள் ஷமீம்.

கொல்லைக்குப் போனேன். துணிக்கொடிக் கம்பியை மாட்டுக்கொட்டகை விளக்கின் இரும்புக் குழாயில் கட்டியிருந்தார்கள். ஈரத்துணி பாரத்தில் குழாய் சாயும்போதெல்லாம், உள்ளே தோல் உரிந்திருந்த ஒயர் அதைத் தொட்டது. சுவிட்ச் விழாதிருந்தால் கரண்ட் கொடி வழியாக அவள் கைக்கு வந்திருக்கும்.

சொன்னதும் அம்மா மருமகள் கையிலிருந்த ஈரப்புடவையை வாங்கிக்கொண்டார். "புள்ள பொறக்கிற வரைக்கும் நீ கொடிப்பக்கம் வராதே."

"ஒயர்தான் மாத்தப்போறாங்களே மாமி."

"மாத்தட்டும். நீ உள்ள போய் உக்காரு."

ஒயரை மாற்றி, கொடியை வேப்பமரத்தில் கட்டிக் கொடுத்தேன். கிளம்பும்போது அம்மா ஒரு தூக்கு நிறைய, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் தந்தார்.

போன முறை அவர் கெஞ்சியபோது சுவிட்சைக் கழற்றியே இருப்பேன். அன்று மழை பிடித்துக்கொண்டதால்தான் கழற்றாமல் வீட்டுக்கு ஓடிவந்துவிட்டேன். அதைச் சொல்லாமலே தூக்கை மட்டும் வாங்கிக்கொண்டேன்.