மாற்றாத குழாய்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். நீங்கள் சௌக்கியம் என்று உங்கள் அம்மா சொன்னார்கள், சந்தோஷம். போனில் பேசினால் என் குரல் உயர்ந்துவிடும். அதனால்தான் கடிதம்.

"கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து கையை ஆட்டினா வாதம் போயிடுமா? வேலை செய்யாம இருக்க ஒரு சாக்கு" என்று என் மகளைச் சொன்னீர்களாம். போகாது, மாப்பிள்ளை. முடக்குவாதம் போகாது என்று டாக்டரே சொல்லிவிட்டார். அவள் உடம்பே அவள் மூட்டுகளைத் தின்கிறது. போகாத நோயோடு எப்படிப் பட்டன் போடுவது, எப்படிப் பாத்திரம் தூக்குவது என்பதைத்தான் அந்தத் தெரபிஸ்ட் பெண் திரையில் கற்றுத்தருகிறாள்.

போன வாரம் நானும் கூட உட்கார்ந்தேன். "வீட்டுல எப்பவும் செய்யற மாதிரியே செஞ்சு காட்டுங்க" என்றாள் அந்தப் பெண். மகள் போனை என் வீட்டுச் சமையலறை ஜன்னலில் சாய்த்துவைத்துக் குழாயைத் திறந்தாள். விரல் மடங்கவில்லை. இரண்டு மணிக்கட்டையும் சேர்த்து வைத்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். திருகுகிற குழாயே வேண்டாம், கைப்பிடியைத் தள்ளினால் திறக்கிற குழாய் போடுங்கள் என்று திரையிலிருந்தே யோசனை வந்தது. பிளம்பர் டீ ஆறுவதற்குள் மாட்டிவிட்டுப் போனார். இப்போது புறங்கையால் தட்டினால் தண்ணீர் கொட்டுகிறது.

அங்கே இருந்தபோதே குழாயை மாற்றித்தரச் சொல்லி மகள் உங்களிடம் கேட்டாளாமே. வீட்டின் அழகு கெட்டுவிடும் என்றீர்களாம். குழாயை மாற்ற மனமில்லாதவர், கட்டிய பெண்டாட்டியை "குணமானதும் வா" என்று அனுப்பிவைத்தீர்களே, அதில் எந்த அழகு கூடியது?

அவள் மறுபடி மருந்துக்கடைக்கு வேலைக்குப் போகிறாள். உட்கார்ந்து வேலை பார்க்க ஒரு நாற்காலி கேட்டு வாங்கினாள். களைப்பு வருமுன்பே கொஞ்சம் ஓய்வெடுக்கிறாள். இதற்குத்தான் நீங்கள் சோம்பேறித்தனம் என்று பெயர் வைத்தீர்கள்.

சனிக்கிழமை வகுப்பில் கணவரும் சேர்ந்துகொள்ள முடியுமா என்று அந்தப் பெண் கேட்டாள். "அவருக்கு வேலை இருக்கும்" என்று உங்களுக்காக இவளே சொல்லிவிட்டாள். அந்தச் சொல்லை நீங்கள் பொய்யாக்க வேண்டும். வந்து பேச வேண்டாம். அவள் கையைப் பாருங்கள், போதும்.

நீங்கள் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும். உங்கள் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்கட்டும். வந்தால், பக்கத்தில் ஆள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அத்தை