பதில் வராத ஒரு வரி

லேவார்டன்,
மார்ச் 9

அன்புள்ள சீட்ஸேவுக்கு,

நலம்தானே? தீவில் காற்று அடங்கியதா? உன் அக்காவின் ஆடுகள் குட்டி போட்டுவிட்டனவா? நீ போனையும் எடுப்பதில்லை, என் முந்தைய கடிதங்களுக்குப் பதிலும் போடவில்லை. எனக்குக் கோபம்தான். இருந்தாலும் இந்தச் செய்தியை வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்கக் கூடாது.

புயலன்று, வெள்ளத்தைக் கடலுக்கு இறைக்கும் பம்புகளை ஓட்டாமல் பாதியில் நின்றுபோன உன் புரோகிராமை மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மேய்ச்சல் நிலமெல்லாம் முழுகியதும் நம் மேலாளர் யெல்லே, "எழுதத் தெரியாதவன் எழுதுனா இப்படித்தான்" என்று எல்லோர் முன்னாலும் சொன்னாரே, அது எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

புரோகிராமின் ஒவ்வொரு அடியையும் காட்டும் ஸ்ட்ரேஸ் கருவியைப் போட்டு ஓட்டினேன். வரைபடப் பிரிவுக்காரி நான் உனக்கே பாடம் நடத்துகிறேன் என்று சிரிக்காதே. புரோகிராம் எதைச் செய்வதென்றாலும் கணினியை உள்ளிருந்து ஆளும் கெர்னலிடம்தானே கேட்க வேண்டும்? புரோகிராம் கேட்பதும் கெர்னல் சொல்வதும் வரிவரியாகத் திரையில் ஓடின. இந்தக் கோப்பைத் திற; திறந்தாயிற்று. படி, படித்தாயிற்று. இப்படியே போய், பம்புகளை எப்போது ஓட்டலாம் என்று சொல்லும் கடல் வற்றும் நேர அட்டவணையைத் திற என்று கேட்ட வரியில் நின்றது. பதிலே இல்லை. காபி ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். அது சாகவில்லை, சீட்ஸே. காத்துக்கொண்டிருந்தது.

அந்த அட்டவணை இருந்தது நம் அலுவலக வீபேயின் மேசைக்கடியில் கிடக்கும் பழைய கணினியில். புயலன்று அவன் பிறந்தநாள், நமக்கெல்லாம் வாஃபிள் சுட்டுத் தந்தானே? மின்சார வாஃபிள் கல்லைச் செருகுவதற்காகப் பிடுங்கிய அந்தக் கணினியின் பிளக்கை அப்புறம் யாருமே திருப்பிச் செருகவில்லை. சொன்னதும் வீபே வெளிறிவிட்டான். "நாலு வாஃபிளுக்கு ஊரையே மூழ்கடிச்சுட்டேனே" என்று புலம்பிக்கொண்டே குனிந்து செருகினான். கொஞ்ச நேரத்தில் அந்த வரிக்குப் பதில் வந்தது. மிச்ச வரிகள் விழுந்தடித்துக்கொண்டு ஓடின. நான் அழுதுவிட்டேன்.

யெல்லேயிடம் காட்டினேன். "அவன்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பேசுறது? நீயே எழுதும்மா" என்றார். திங்கட்கிழமைக் கூட்டத்தில், உன்னைத் திட்டியபோது இருந்த அதே ஆட்கள் முன்னால், தவறு உன்னுடையதல்ல என்று அவரே சொல்லப்போகிறார். நீ விட்டுப்போன இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை.

வெள்ளிக்கிழமைப் படகில் வா. ஹார்லிங்கன் துறையில் நிற்பேன். உன் புரோகிராமிலும் ஒரு குறை உண்டு, அதில் நான் கை வைக்க மாட்டேன், நீயே வந்து திருத்து. பதில் வராவிட்டால் எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று நீ அதற்குச் சொல்லிவைக்கவில்லை. எனக்கும்தான்.

நல்லபடியாகக் கடல் தாண்டி வந்து சேர்.

உன்
ஹில்கே