வசம்புக்கு அடியில் இருபத்து நான்கு நட்டு

பாயான் பாரு, பினாங்கு
நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் கோகுலனுக்கு அப்பா சொல்லச் சொல்ல உன் அக்கா ரூபினி எழுதுவது. இங்கே உன் அம்மா, அக்கா, மச்சான், நான் எல்லாரும் முருகன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், மனசுக்குத்தான் நான் ஒருத்தன் சுகமில்லை. அங்கே நீயும் உமாவும், உமா வயிற்றில் இருக்கிறதும் சுகமாக இருக்கவேண்டும் என்று வெள்ளிக்கிழமையிலிருந்து நான் எத்தனை தடவை வேண்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. இந்தக் கடிதம் உன் கையில் இருக்கிறது என்றால் நீ தோட்டத்திலிருந்து லஹாட் டத்து பட்டணத்து ஆப்பிஸுக்கு இறங்கி வந்து சேர்ந்துவிட்டாய், அதிலேயே எனக்குப் பாதி உயிர் வந்த மாதிரி. மீதி உயிர் நீ இதைக் கடைசி வரைக்கும் படிப்பதில் இருக்கிறது. முதலில் வண்டிச் சாவியை எடுத்து ஆப்பிஸ் பொண்ணு சித்தி ஹாஜராவிடம் கொடு, அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். கொடுத்துவிட்டு உட்கார்ந்து படி.

உன் பிக்கப்பில் மாட்டியிருக்கிற அலுமினிய ரிம்மைப் பற்றித்தான் எழுதச் சொல்கிறேன். தப்பு உன்னுடையது இல்லை, கடைக்காரனுடையதும் இல்லை, என்னுடையது. தீபாவளிக்கு இரண்டு நாள் இருந்தது, போன மாதம் பதினெட்டாம் தேதி சனிக்கிழமை, மத்தியானம் மூன்று மணி, அம்மா முறுக்கு பிழிந்துகொண்டிருந்தாள், நீ அங்கே டயர் கடையில் நின்றுகொண்டு போன் பண்ணினாய். "அப்பா, இரும்பு ரிம்ம நாலையும் கழட்டியாச்சு, புது ஸ்போர்ட் ரிம் வந்துருச்சு, ஆனா இதுக்கு நட்டு தனியா வாங்கணுமாம், இங்க இல்ல, வர ஒரு வாரம் ஆகும்னு சொல்றான், பழைய நட்டையே போட்டுறலாமா" என்று கேட்டாய். நட்டு போல்ட்டு மரையில், நூலில் ஏறுதா என்று கேட்டேன், ஏறுது என்றாய். அப்புறம் என்னா, போடு என்றேன். நீ அதோடு விடவில்லை, "பெட்டிக்குள்ள ஒரு பேப்பர் இருக்குப்பா, நட்டப் பத்தி இங்கிலீஷ்ல என்னமோ போட்டிருக்கான், படிக்கிறேன் கேளுங்க" என்றாய். அதற்கு நான் சொன்னது எனக்கு ஒரு எழுத்து மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "பேப்பரப் பாத்தா நான் முப்பத்தெட்டு வருஷம் டயர் மாத்துனேன்? கீழ வைடா அத" என்றேன். நீ சிரித்தாய். நூலில் கொஞ்சம் கிரீஸ் தடவு, ஸ்பேனர் மேல ஏறி நின்னு ஒரு மிதி மிதி, ஜென்மத்துக்கும் அசையாது என்றும் சொன்னேன். உனக்கு முப்பத்திரண்டு வயது ஆகிறது, இன்னும் அப்பா சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை என்று இருக்கிற பிள்ளை நீ, அதை நினைத்து நான் பெருமைப்பட்டதெல்லாம் போய் இப்போது அதை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். நீ போட்டதைப் படத்தில் பார்த்துவிட்டு உன் மச்சான் சண்முகநாதனும் தன் பிக்கப்புக்கு அதே மாதிரி ரிம் வாங்கினான், அக்டோபர் இருபத்தாறாம் தேதி இந்த வீட்டு வாசலில் வைத்து நானும் அவனும்தான் மாட்டினோம், அதே பழைய நட்டு, அதே கிரீஸ், அதே மிதி. தார் ரோட்டில் பத்தொன்பது நாள் ஓடியது. வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு பாயான் லெப்பாஸில் ஒரு பேக்டரி கேண்டீனுக்குச் சாப்பாட்டுப் பெட்டி ஏற்றிக்கொண்டு போனான், சும்மா இருக்கிறேனே என்று நானும் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தேன். ஷிப்ட் மாறுகிற நேரம், இரண்டு பக்கமும் மோட்டார் சைக்கிள், பேக்டரி பஸ். ஸ்கூல் தாண்டி வேகத்தைக் குறைத்தான், என் கால் பக்கம் டொக், டொக், டொக் என்று கேட்டது. வேகம் பிடித்தால் சத்தம் போய்விடுகிறது. சாப்பாட்டுப் பெட்டி இடிக்குது மாமா என்றான் அவன். நான் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். பின்னால் வந்தவனெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினான். இறங்கிப் பார்த்தால் முன் பக்கம் இடது சக்கரத்தில் ஆறு நட்டில் இரண்டைக் காணவே காணோம், மூன்றை விரலால் சுற்றலாம், ஒரே ஒரு நட்டு பிடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சக்கரத்துக்கு ஒரு முழம் பக்கத்தில் ஒரு பொண்ணு தொப்பியும் பேக்டரி சட்டையுமாக மோட்டாரில் போய்க்கொண்டிருந்தாள், அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் ரோட்டோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வண்டியை இழுத்துக்கொண்டு டயர் கடைக்குப் போனோம். ஐமான் என்று ஒரு மலாய்க்காரத் தம்பி, கழற்றிப் பார்த்துவிட்டு, "இத மாட்டுன புத்திசாலி யாரு அங்கிள், அவர் கைய நான் முத்தங் குடுக்கணும்" என்று மலாயில் சிரித்தான். மச்சான் என்னைக் காட்டிக்கொடுக்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் தம்பி என்றேன். பிள்ளை சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை உட்காரவைத்து இரண்டு நட்டை இரண்டு கையில் கொடுத்தான். இரும்பு ரிம் நட்டுக்கு முனை கூம்பு மாதிரி இருக்கிறது, இரும்பில் அதற்கென்று சரிவாகக் குழி இருக்கும், அதில் போய் உட்காரும். இந்த அலுமினிய ரிம் ஓட்டையில் அந்தச் சரிவே கிடையாது, தட்டையாக இருக்கிறது, இதற்கு வேறு நட்டு, கீழே குழாய் மாதிரி நீண்டு ஓட்டைக்குள் இறங்கும், மேலே வளையம் தட்டையாக உட்காரும். கூம்பு நட்டைப் போட்டால் ஓட்டையின் விளிம்பைத்தான் கவ்வும், பார்க்க இறுக்கமாக இருக்கும், ஓட ஓட அலுமினியத்தைத் தின்றுவிடும். வட்டமாக இருந்த ஓட்டை முட்டை மாதிரி ஆகியிருந்தது, நான் விரலை விட்டுப் பார்த்தேன். கிரீஸும் தடவக்கூடாதாம், ஏறி மிதிக்கவும் கூடாதாம், புது ரிம் போட்டு ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் ஒரு தடவை திரும்ப இறுக்கணுமாம். இதெல்லாம் அந்தப் பேப்பரிலேயே இருக்கும் அங்கிள் என்றான். நான் வேலை பார்த்த காலம் முழுக்க லோரியும் இரும்பு ரிம்மும்தான். தெரியாததைத் தெரியாது என்று சொல்லியிருந்தால் போதும். என் வாயிலிருந்து அன்றைக்கு அது வரவில்லை.

கோகுலா, உன்னிடம் ஒன்று சொல்லவேண்டும், அக்கா இதை எழுதவேண்டாம் என்கிறாள், எழுது என்று சொல்லிவிட்டேன். எண்பத்தொன்றில் சூலியா தெரு முனைக் கடையில் நான் டயர் மாற்றிக்கொண்டிருந்தபோது அப்துல் ரஹீம் அண்ணன் வெங்காய லோரி கொண்டுவந்து நிறுத்துவார். ஒரு நாள் ஆறு நட்டில் நாலை இறுக்கிவிட்டு டீ வந்தது என்று எழுந்து போனேன், திரும்பி வந்து இறுக்கினேனா இல்லையா என்று யோசிக்காமல் வண்டியை அனுப்பிவிட்டேன். அன்று சாயங்காலம் ஆயர் ஈத்தாம் பக்கம் அவர் ஓட்டிக்கொண்டிருக்கும்போது தன் சக்கரமே தனக்கு முன்னால் உருண்டு போவதைப் பார்த்தாராம். அது நேராக ஒரு பஸ் ஸ்டாப்புக்குள் புகுந்து பெஞ்சை உடைத்தது. ஒரு நிமிஷம் முன்னால்தான் பஸ் வந்து அங்கே நின்ற அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. "என் லோரிக்கு என்னைய விட அவசரம்டா ராமதாஸ்" என்று ரஹீம் அண்ணன் கடையில் வந்து சிரிப்பாகச் சொன்னார், இறுக்கியது யார் என்று கடைசி வரை கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு நான் எந்த நட்டையும் இரண்டு தடவை தொடாமல் விட்டதில்லை. அப்படிப்பட்ட நான் என் பிள்ளை வண்டி நட்டைக் கண்ணால் பார்க்காமல், இரண்டு கடல் தாண்டி, வாயால் இறுக்கிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பத்து மணியிலிருந்து உனக்குப் பதினேழு தடவை போன் பண்ணினேன். தோட்டத்தில் லைன் இல்லை, பட்டணத்துக்கு வந்தால்தான் லைன் என்று தெரிந்தே பண்ணினேன். குரலில் அனுப்பியதெல்லாம் இன்னும் ஒரே கோட்டில், ஒற்றை டிக்கில், நிற்கிறது. எனக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் ஒரு கோடு என்றால் உன்னிடம் போய்ச் சேரவில்லை என்று தெரியும். சனிக்கிழமை காலையில் ஆப்பிஸுக்கே கூப்பிட்டேன். சித்தி ஹாஜரா தங்கமான பிள்ளை, வயர்லெஸ் பெட்டி பழுதாகி ரிப்பேருக்குப் போயிருக்கிறது, மழையில் லோரியும் மேலே ஏறுவதில்லை, இந்த வாரம் யாரும் மேலே போகிற மாதிரி இல்லை என்றாள். ரொம்ப அவசரம் என்றேன். "யாரும் இறந்துட்டாங்களா அங்கிள்" என்று பயந்துபோய்க் கேட்டாள். இன்னும் இல்லை என்று சொல்லாமல், அவன் வந்ததும் வண்டிச் சாவியை வாங்கி வைத்துக்கொள் என்றேன். நீ எட்டாம் தேதி பேசும்போது சொன்னது எனக்குப் பாடம்: இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை தனியாகச் சாமான் வாங்க இறங்குவேன், இருபத்தொன்பதாம் தேதி உமாவை ஆஸ்பத்திரிப் பக்கம் கொண்டுவந்து விடுவேன் என்றாய். தொண்ணூற்று நான்கு கிலோமீட்டர், அதில் அறுபது மண் ரோடு, முப்பத்தோராம் மைல்கல்லில் மரப்பாலம், அதைத் தாண்டி ஒரு பக்கம் மேடு ஒரு பக்கம் ஆறு. நான் அந்த ரோட்டைப் பார்த்ததே இல்லை, நீ சொல்லிச் சொல்லி ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். உன்னிடம் போகாதே என்று சொல்வதற்கு வழி இல்லை, நீ அதே சக்கரத்தில் இறங்கி வந்தால்தான் சொல்லமுடியும் என்று ஆகிவிட்டது. சோறு இறங்கவில்லை. ரூபினி திட்டுகிறாள், "அவனுக்கு ஒண்ணும் ஆவாதுப்பா, சும்மா இருங்களேன்லா" என்கிறாள், சொல்லிவிட்டு அவளும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றுவிட்டு வருகிறாள்.

இப்போது செய்யவேண்டியதைக் கேள். இந்தக் கடிதத்தோடு வந்த பெட்டிக்குள் அடியில் துணிப்பையில் இருபத்து நான்கு நட்டு இருக்கிறது, ஐமான் உன் ரிம் படத்தைப் பார்த்து எடுத்துக் கொடுத்தது. வண்டியை ஆப்பிஸ் வாசலிலேயே ஜாக்கி வைத்து நாலு சக்கரத்தையும் கழற்று. ஓட்டை ஒவ்வொன்றிலும் விரலை விட்டுச் சுற்றிப் பார். வட்டமாக, வழவழப்பாக இருந்தால் கிரீஸைத் துடைத்துவிட்டு இந்த நட்டைப் போடு, கையால் சுற்றி, பிறகு எதிரும் புதிருமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கு, ஏறி மிதிக்காதே, மரப்பாலத்துக்கு முன்னால் நிறுத்தி இன்னொரு தடவை பார். ஒரே ஒரு ஓட்டை முட்டை மாதிரி இருந்தாலும் அந்த வண்டியில் மேலே ஏறாதே. வேறு யார் பிக்கப்பிலாவது கெஞ்சிப் போய், வீட்டடியில் வைத்திருக்கிறாயே பழைய இரும்பு ரிம், அதை இறக்கி வந்து அதன் பழைய நட்டோடு மாட்டிக்கொள், அந்தச் சோடி ஒன்றுக்கொன்று பொருந்தினது. பார்க்க அழகில்லாமல் போனால் போகட்டும். உமாவை மட்டும் அப்படிப்பட்ட ரிம் மாட்டின வண்டியில் உட்காரவைத்துக் கொண்டுவராதே. எட்டு மாதப் பிள்ளைத்தாச்சி.

உன் அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. பெட்டி உமாவுக்கு என்று சொல்லியிருக்கிறேன். பிறக்கப்போகிற பிள்ளைக்கு வசம்பு வளையல், ஓமம், பழைய வேட்டி கிழித்துத் தைத்த துணி, உமாவுக்குப் பூண்டு ஊறுகாய் எல்லாம் மேலே அடுக்கியிருக்கிறாள். தூக்கிப் பார்த்துவிட்டு, "வசம்பு இவ்வளவு கனமா இருக்கு, யாரு கண்ணு பட்டுச்சோ" என்றாள். ஊறுகாய் பாட்டில்டி என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். உமாவை அதிகம் குனிய விடாதே, மழைத்தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள், சாயங்காலத்தில் கொசு வலை கட்டு.

நீ எனக்கு ஒரு வரியும் எழுதவேண்டாம், எழுதினால் யாரையாவது படிக்கச் சொல்லிக் காத்திருக்கவேண்டும். கழற்றின ஓட்டையையும் உன் கையில் ஒரு நட்டையும் படம் எடுத்து அனுப்பு, அதை நான் படித்துக்கொள்வேன். சனிக்கிழமை காலை ஆறரைக்கு நீ கிளம்பியிருப்பாய், அந்த நேரத்திலிருந்து இங்கே நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நீ இதைப் படிக்கிற நேரம் எனக்கு அந்த ஒரு கோடு இரண்டாகியிருக்கும்.

தண்ணீர்மலை முருகன் உன் சக்கரத்துக்கு முன்னால் நடந்து போகட்டும். நீங்கள் மூன்று பேரும் நூறு வயது இருக்கவேண்டும். மறந்துவிடாதே, வண்டிக்கு அடியில் தொங்குகிற ஸ்பேர் டயர் இன்னும் இரும்பு ரிம்தான், அதற்குப் பழைய நட்டுதான் வேண்டும், அதனால் பழைய நட்டில் ஆறை வண்டியிலேயே வை. எது எதற்கு என்று இரண்டு பையிலும் பேப்பரில் எழுதி ஒட்டு. மாட்டுவதற்கு முன்னால் படித்துப் பார். நான் போனில் வேறு என்ன சொன்னாலும் படித்துப் பார்த்தே போடு.

இப்படிக்கு,
உன் அப்பா ராமதாஸ்
(சொன்னபடி எழுதியது ரூபினி)