தொடைக்கு மட்டும், இடுப்புக்கு வேண்டாம்

அம்மு,

பஸ்ஸை டிப்போவில் விட்டுவிட்டு நீ வரும்போது நான் ஆபீசுக்குக் கிளம்பியிருப்பேன். சாப்பாட்டை அடுப்பு மேலே மூடி வைத்திருக்கிறேன். குழாய் ரிப்பேர்க்காரரை நாளைக்கு வரச் சொல்லிவிட்டேன், நீ நிம்மதியாகத் தூங்கு.

நேற்று நீ டூட்டிக்குக் கிளம்புமுன் இறுகிப்போன உன் தொடையில் அந்த ஃபோம் ரோலர் உருளையை உருட்டினேனே, அழுத்தினால்தான் இறுக்கம் விடும் என்று நினைத்துவிட்டேன். வலி தாங்காமல் "விடுங்க, உங்களால ஒண்ணும் ஆகாது" என்று பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். எனக்குக் கோபம் இல்லை. நீ சொன்னது சரிதான்.

நீ போனதும் பிசியோதெரபி அக்காவுக்கு போன் செய்தேன். "மெதுவா உருட்டணும், வலிக்கிற இடத்துல நிறுத்தி மூச்சு விடணும். இடுப்புலயும் முட்டியிலயும் உருட்டவே கூடாது. ஆனா கொஞ்ச நாள் வண்டி ஓட்டாம இருந்தாத்தான் சரியாகும்" என்றார். அந்தக் கடைசிப் பேச்சை நேரில் சொல்ல வாய் வராமல்தான் எழுதுகிறேன். லீவு போட்டால் ரூட்டை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள் என்பாய்.

சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டுத் தூங்கிவிடாதே.

பி.கு: காலையில் என் தொடையை அந்த ரோலர் மேல் வைத்துப் பார்த்தேன். உட்கார்ந்தே வேலை பார்க்கிற எனக்கே உயிர் போய்விட்டது. இந்த வலியோடு எப்படி விடிய விடிய கிளட்ச் மிதிக்கிறாய்?

இன்னொன்று. சாயங்காலம் நீயே உருட்டிக்கொள். நான் கை வைக்கமாட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.