கல்கத்தா போன தீப்பெட்டி

சேசு மரி சூசை துணை

விழுப்புரம் தாலுகா,
1939 அக்டோபர் 4

என் மகள் இருதயசெல்விக்கு அம்மா லூர்து மேரி எழுதுவது. சர்வேசுரன் தயவில் நானும் உன் அப்பாவும் எழுந்து நடமாடும்படி இருக்கிறோம், மேகம் கூடினால் மட்டும் அவருக்கு முழங்கால் வலி வந்துவிடுகிறது. நீ கல்கத்தா ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டும் காய்ச்சல் சளி அண்டாமல் சௌக்கியமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். கையெழுத்தைப் பார்த்து யாருக்கோ வந்த கடிதம் என்று நினைக்காதே, என் கையெழுத்துதான், திண்டிவனம் மடத்தில் கன்னியர்கள் அடித்துப் பழக்கியது. நீ போன மூன்றரை வருஷமாக உன் அப்பா தொம்மைதான் உனக்குக் கார்டு போடுகிறார், அம்மா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள் என்று கடைசி வரியில் தவறாமல் எழுதுகிறார், நான் ஒரு தடவையும் சொல்லச் சொல்லவில்லை. அது உனக்கும் தெரிந்திருக்கும், நீயும் அம்மா சௌக்கியமா என்று ஒரு வார்த்தை கேட்டு நிறுத்திக்கொள்கிறாய். இன்றைக்கு ஒரு காரியமாக எழுதுகிறேன், முழுவதும் படி, பாதியில் கிழித்துப் போடாதே.

உன் தம்பி ராயப்பனைக் கடல் கொண்டுபோன பிறகு பொம்மையார்பாளையத்தில் என்னால் இருக்க முடியவில்லை, அலைச் சத்தம் காதில் விழாத ஊராகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ என்று உன் அப்பாவைப் பிடுங்கி எடுத்து இங்கே வந்து சேர்ந்தோம், அதெல்லாம் நீ போன பிறகு நடந்தது. மல்லாட்டைக் காட்டில் கடலை பிடுங்கும் கூலி வேலை, சுற்றிலும் பனைமரம், கடல் வாடையே கிடையாது, அப்பாடா என்று இருந்தேன். போன வருஷம் தை மாதம் கல்கத்தாவிலிருந்து கல் ஆராய்ச்சி ஆபீஸர் ஒருவர் வந்தார், தாண்டவராயன் என்று பெயர், நம் தமிழர்தான், திண்டிவனம் பங்களாவில் தங்கிக்கொண்டு வாரம் நாலு நாள் இங்கே வந்து ஓடையோரத்துச் சுண்ணாம்பு மண்ணைத் தோண்டச் சொன்னார். நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் வேலைக்குப் போனோம். இதெல்லாம் ஒரு காலத்துல கடல் அம்மா, நீங்க நிக்கிற இடத்துக்கு மேல பத்து பனை உயரத்துக்குத் தண்ணி நின்னுது என்று சாதாரணமாகச் சொன்னார். எதை விட்டு ஓடிவந்தேனோ அதன் அடிமடியிலேயே வந்து குடிசை போட்டிருக்கிறேன்.

வேலை என்னவென்றால் அந்த மண்ணைத் தொட்டியில் ஊறப்போட்டு, மெல்லிய சல்லடையில் அலசி, தங்குவதைக் காயவைத்து, கறுப்புத் தகரத் தட்டில் பரப்பி, ஈர்க்குச்சி நுனியை நாக்கில் நனைத்து அதில் ஒட்டவைத்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவது. எதைப் பொறுக்கினோம் என்று நினைக்கிறாய், சுறாப் பல். எள் அளவு, கேப்பை அளவு, கொஞ்சம் பெரியது அரிசி அளவு. ஆபீஸர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் செருகிக்கொண்டு பார்ப்பதை நான் வெறுங்கண்ணால் பிரித்துக் கொடுத்தேன், கடலோரத்தில் மீன் அரிந்தவளுக்குத் தெரியாதா. முள் மாதிரி நிமிர்ந்து, பக்கத்துக்கு ஒரு குட்டி முள்ளோடு, அடியில் இரண்டு காலாகப் பிரிந்திருந்தால் சுறா. சப்பையாக, ஆறு பட்டையாக, அடியில் சீப்பு மாதிரி கோடு விழுந்திருந்தால் திருக்கை, அதன் வாய்க்குள் கல் பாவின தரை போல வரிசையாகப் பதிந்திருக்குமே, அதில் கழன்றது. அதைவிடப் பொடியாக, சின்னக் காம்பின்மேல் வரிவரியாக ஒரு மூடி வைத்தாற்போல இருந்தால் அது பல்லே இல்லை, சுறாத் தோலின் செதில், உப்புத்தாள் மாதிரி கையைக் கீறுமே அதுதான். எல்லாம் கல்லாகிப் போனவை, புளியங்கொட்டை நிறம், தேன் நிறம், சிலது வெளுத்தும் இருக்கும். ஆட்டுப்பல், எலிப்பல் என்று இந்தக் காலத்தது எது வந்தாலும் அவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, இது இன்னைக்கு உள்ளது, குப்பை என்று விரலால் சுண்டி எறிவார். லூர்து மேரி கை பட்டு வந்தா நான் மறுபடி பாக்க வேண்டியதில்ல என்று எல்லார் முன்னாலும் ஒருநாள் சொன்னார், எனக்குத் தலைகால் புரியவில்லை போ.

ஆனால் செல்வி, ஒவ்வொரு பல்லையும் எச்சில் ஈரத்தில் தூக்கும்போது நீயா, நீயா என்று அதைக் கேட்பேன். ராயப்பனைப் பெற்று நான் பச்சை உடம்போடு கிடந்தபோது பால் ஊற வேண்டும் என்று உன் அப்பா தினமும் பால்சுறா வாங்கி வருவார், ஒன்பது வயதுப் பிள்ளை நீ உட்கார்ந்து முள் நீக்கிப் புட்டுக்கு உதிர்த்துக் கொடுப்பாய். அதைத் தின்று பால் கொடுத்த பிள்ளையை அதே ஜாதி மீன் தின்றிருக்குமோ என்று நினைப்பு வந்தால் நாக்கு வறண்டுவிடும், ஈர்க்குச்சியை நனைக்க எச்சில் இருக்காது. சல்லடையைத் தண்ணீரில் சுற்றும்போது அலை காலடி மணலை இழுக்கிற சத்தம் அப்படியே கேட்கும். உச்சி வெயிலில் முதுகுக்குப் பின்னால் விசில் கேட்கும், முன்பல் விழுந்த ஓட்டை வழியாகக் கடைசி மூன்று நாள் ஊதிக்கொண்டே திரிந்தான், அந்த விசில். திரும்பினால் மல்லாட்டைச் செடிதான் இருக்கும். கூட வேலை செய்கிற பாஞ்சாலி, பனை மட்டையில காத்து பூந்துக்கினு வருதுக்கா என்பாள், நானும் ஆமாம் என்பேன். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் ஆபீஸரிடம், இத்தனை சுறாவும் இங்கே வந்தா செத்தது என்று கேட்டேன். சுறாவுக்கு ஆயுசு பூரா பல்லு விழுந்து முளைச்சுக்கிட்டே இருக்கும் அம்மா, பல்லை உதுத்துட்டு அது பாட்டுக்கு நீந்திப் போயிடும், பல்லு கிடைச்சதால அது செத்துதுன்னு ஆகாது என்றார். நான் அன்றைக்குக் கஞ்சி குடிக்கவில்லை. உன் தம்பியும் பல்லை என்னிடம் விட்டுவிட்டுத்தான் போனான், அவன் உடம்பும் கிடைக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எத்தனையோ மாதம் பைத்தியம் மாதிரி வழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தச் சித்திரையில்தான் தெளிந்தேன், பிள்ளைக்கு ஒரு குழி வேண்டும், ஒரு சிலுவை வேண்டும் என்று புத்தி வந்தது.

அந்தப் பல்லை நீ பார்த்ததில்லை, அது விழுந்த மூன்று நாளும் நீ வீட்டுக்கு வராமல் கரையிலேயே கருவாட்டு வேலையில் கிடந்தாய். சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டியது, அப்பா சனிக்கிழமை வேலையிலிருந்து வந்ததும் காட்டிவிட்டுத்தான் எறிவேன் என்று அழிச்சாட்டியம் பண்ணித் தீப்பெட்டியில் போட்டு வைத்தான், சனிக்கிழமைக்கு அவன் இல்லை. நாலு வருஷமாக அந்தத் தீப்பெட்டி மாடத்தில் மாதா படத்துக்குப் பின்னால் இருந்தது. உன் அப்பா பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டார், உடம்பு இல்லாமல் எப்படி என்று முதலில் தயங்கினவர், வருகிற கல்லறைத் திருநாளன்று அதை மந்திரித்துக் கல்லறைத் தோட்டத்தில் வைக்கச் சம்மதித்துவிட்டார். அப்பா வேப்பம் பலகையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பெட்டி இழைத்து வைத்திருக்கிறார், சிலுவையில் பெயரும் எழுதியாகிவிட்டது. பல்தான் இல்லை, அது அவருக்குத் தெரியாது.

நடந்தது இதுதான். சீமையில் சண்டை ஆரம்பித்த சேதி வந்ததும் ஆபீஸரைத் திரும்பி வரச்சொல்லித் தந்தி வந்தது, ஜல்தி ஜல்தி என்று எல்லாவற்றையும் கட்டச் சொன்னார். பிரித்த பல்லையெல்லாம் தீப்பெட்டிகளில் போட்டு நம்பர் ஒட்டுவது வழக்கம், பெட்டி போதவில்லை. வீட்டில் உன் அப்பா பீடிக்கு வாங்கின காலிப் பெட்டிகள் கிடக்குமே என்று ஓடிப்போய் மாடத்தில் இருந்ததை மடியில் வாரிக்கொண்டு வந்து பாஞ்சாலி முன்னால் கொட்டினேன், என் கை படத்துக்குப் பின்னாலும் போனது எனக்கே தெரியவில்லை. அவள் ஒன்றைத் திறந்திருக்கிறாள், ஒத்தப் பல்லுக்கு ஒரு பெட்டியா என்று அதைப் பதினேழாம் நம்பரில் தட்டிவிட்டு, காலியானதில் செதிலை நிரப்பிவிட்டாள். மறுநாள் வண்டியில் திண்டிவனம் ஸ்டேஷன் போய் எல்லாம் ரயிலேறிவிட்டது. பத்து நாள் கழித்துப் படத்தைத் துடைக்க எடுத்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பெட்டி போன நாளிலிருந்து அந்த விசிலும் கேட்கவில்லை, அது கேட்டபோது இருந்த பயத்தைவிட இது பெரிய பயமாக இருக்கிறது.

நேரே பாஞ்சாலி வீட்டு வாசலில் போய் நின்று தெருவே கூடும்படி கத்தினேன். என் புள்ளைய தூக்கி சுறாப் பல்லோட போட்டுட்டியேடி, கண்ணு அவிஞ்சா போச்சு என்றேன். அவள் பதிலுக்குக் கத்தவில்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்த கையோடு எழுந்து வந்து, நான் தெரியாம கொட்னேன்க்கா, பொட்டிய கொண்ணாந்தது யாரு என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். இப்படி ஒரு கேள்வியை நாலு வருஷத்துக்கு முன்னால் நீ என்னைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

அன்றைக்கு நீ கரையில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாய். இவன் வீட்டில் அப்பா எப்போ வருவாரு, எப்போ வருவாரு என்று என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தான், உலை பொங்குகிறது, எனக்கு ஆத்திரம், பேஜாரு பண்ணாதேடா, கரையில அக்கா கீறா, அவகிட்ட போய் ஓட்டைப்பல்லைக் காட்டு, பொட்டிய இங்கியே வச்சுட்டுப் போ, தொலைச்சுடுவே என்று முதுகில் ஒரு தட்டு தட்டி அனுப்பினேன். நான்தான் செல்வி அனுப்பினேன். நீ அவனைக் கூட்டிக்கொண்டு போகவில்லை, உன்னிடம் வந்து சேருமுன்னே அவனை அலை இழுத்துக்கொண்டது. அவன் வந்ததே எனக்குத் தெரியாதும்மா என்று நீ மணலில் விழுந்து புரண்டபோது, கரையே பார்த்துக்கொண்டிருக்க, புள்ளைய கடலுக்குக் குடுத்துட்டு நீ மட்டும் எதுக்குடி வந்தே என்று உன்னை அறைந்தேன். நீ பார்த்துக்கொள்ளாமல் விட்டாய் என்று ஊரெல்லாம் நினைத்தது, உன் அப்பா இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறார். நான் திருத்தவில்லை. நீ கன்னியர்களோடு விழுப்புரத்தில் ரயிலேறின அன்றைக்கும் வாயைத் திறக்காமல் தலைவலி என்று படுத்துக்கொண்டேன். எவ்வளவு பெரிய பாவி நான். போன ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொன்னேன், மகளிடமும் புருஷனிடமும் சொல் என்றார். உனக்கு எழுதிவிட்டேன், இதைத் தபாலில் சேர்த்துவிட்டு வந்து உன் அப்பாவிடம் பெட்டி போனதையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன், அவர் அடித்தாலும் வாங்கிக்கொள்வேன்.

இப்போது காரியத்தைக் கேள். ஆபீஸரின் விலாசம் பின்பக்கம் இருக்கிறது. உங்கள் ஊர் துர்க்கை பூசை லீவு முடிந்ததும் பெட்டிகளைப் பிரிப்பேன் என்றார், அதனால் லீவு விடுவதற்குள் போய்விடு, லூர்து மேரி மகள் என்று சொல், உள்ளே விடுவார். தாமதித்தால் அவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு இன்றைக்கு உள்ளது, குப்பை என்று சுண்டிவிடுவார், அவர்மேல் தப்பில்லை, அது அவர் வேலை. பதினேழாம் நம்பரில் இருப்பது அரிசி அளவுப் பல், முந்நூறு பல்லாவது இருக்கும். கறுப்புக் காகிதத்தில் கொட்டு, ஊதாதே, தும்மாதே. ஈர்க்குச்சி கிடைக்காவிட்டால் தீக்குச்சி முனையை நாக்கில் நனைத்துக்கொள். கூராக இருந்தால் தள்ளு, அடியில் இரண்டு கால் இருந்தால் தள்ளு, வெளுத்திருக்கிறது என்பதற்காக மட்டும் எடுத்துவிடாதே. அவனுடையது உளிவாய் மாதிரி தட்டை, மேலே ஒரு மூலையில் மல்லாட்டை ஓடு கடித்துச் சில்லு போயிருக்கும். அடியில் வேர் இருக்காது, குழிவாக இருக்கும், குழிக்குள் ரத்தம் காய்ந்து பழுப்பேறியிருக்கும், அதைப் பார்த்துக் கல் என்று ஒதுக்கிவிடாதே.

கிடைத்தால் தபாலில் போடாதே. மடத்துத் தாயாரிடம் லீவு கேட்டு நீயே கையில் எடுத்துக்கொண்டு வா, பெண்கள் பெட்டியில் ஏறு, மெட்ராசில் இறங்கி அடுத்த வண்டி பிடி, விழுப்புரம் ஸ்டேஷனில் நானே வந்து நிற்பேன், இந்தத் தடவை தலைவலி வராது. அவன் உன்னிடம் காட்டத்தான் புறப்பட்டான், வந்து சேரவில்லை, அதனால் எங்களுக்கு முன்னால் நீதான் அதைப் பார்க்க வேண்டும். கிடைக்கவில்லை என்றால் வெறுங்கையோடு வா. அப்பா செய்த பெட்டியை அப்படியே வைத்து மூடிக்கொள்ளலாம், நீ இல்லாமல் அந்தக் குழிக்குப் பக்கத்தில் என்னால் நிற்க முடியாது.

ஊரை விட்டுப் போன அன்றைக்கு உன் நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பவில்லை. இந்தக் காகிதத்தின் மேல்மூலையில் பெருவிரலால் போட்டிருக்கிறேன், அங்கே உன் நெற்றியை வைத்துக்கொள். மாதா உன் கூடவே ரயிலில் வருவாள். திரும்பவும் சொல்கிறேன், பதினேழாம் நம்பர்.

நீ மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் உன் அம்மா,
லூர்து மேரி