உருமா கட்டிய வினைச்சொல்

மதினி,

ரயில் தாம்பரம் தாண்டியதும் பையிலிருந்து நம் பழைய பிரெஞ்சு இலக்கணப் புத்தகத்தை எடுத்தேன். விரித்தவுடனே மரிக்கொழுந்து வாசம். அடையாளத்துக்கு நீங்கள் வைத்த கொத்து காய்ந்து தூளாகியும் அந்தப் பக்கத்தைவிட்டு நகரவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, "யாரு மரிக்கொழுந்து வச்சிருக்கா?" என்று சுற்றிலும் பார்த்தார். புத்தகத்தை நீட்டினேன். மோந்து பார்த்துவிட்டு, இது என்ன பாஷை என்று கேட்டார். பிரெஞ்சு என்றேன். "அடேங்கப்பா!" என்றார். அது உங்களுக்குச் சொன்னது என்று எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் எழுதிய அதே பிரெஞ்சுத் தேர்வை நானும் எழுதி, இன்று காலை சென்னையில் வாய்மொழித் தேர்வையும் முடித்துவிட்டு வருகிறேன். உள்ளே என்ன நடந்தது என்பதைக் கடைசியில்தான் சொல்வேன். அன்று திண்டுக்கல் வந்து சேரும்வரை வாயைத் திறக்காமல் என்னைத் தவிக்கவிட்டீர்களே, அதற்கு இது பதிலுக்குப் பதில்.

பிரெஞ்சை நம் வீட்டுக்குக் கொண்டுவந்தவள் நான்தான். ஆனால் அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பிளஸ் டூவில் தமிழை எடுத்தால் மார்க் குறையும், பிரெஞ்சு எடுத்தால் அள்ளலாம் என்று பாதி வகுப்பு போனது, நானும் போனேன். மார்க் வந்தது, மொழி வரவில்லை. புத்தகம் பரணுக்குப் போனது. நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு வந்து, உங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, ஒரு பொங்கலுக்கு வீடு ஒதுக்கும்போது அது உங்கள் கையில் விழுந்தது.

"ஏ நாத்துனா, இம்புட்டு மார்க் வாங்கியிருக்கியே, இதுல என்ன போட்டிருக்குன்னு ஒரு வரி சொல்லு பாப்போம்."

எனக்கு ஒரு வரிகூடத் தெரியவில்லை. நீங்கள் சிரிக்கவில்லை. புடவை முந்தானையால் தூசியைத் துடைத்து, புத்தகத்தை அரிசிப் பானைக்கு மேலே வைத்தீர்கள். அன்று சாயங்காலம் வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னீர்கள்: "காலேஜுக்குப் போறேன்னு அழுதேன். படிச்சது போதும்னு எங்கப்பா கட்டிக் குடுத்துட்டாரு. போதுமா இல்லையான்னு நானுல்ல சொல்லணும்?" உங்களுக்கு என்ன வேண்டும் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. 'இவள் படித்தாள்' என்று யாராவது ஒரு தாளில் எழுதித் தர வேண்டும், உங்கள் அப்பா அதைப் பார்க்க வேண்டும்.

பள்ளிப் புத்தகம் சீக்கிரமே தீர்ந்துபோனது. மதுரையில் பழைய புத்தகக் கடை ஒன்றில் தடியாக ஓர் இலக்கணம் வாங்கி வந்தேன். அது எந்தக் காலத்துப் பிரெஞ்சு என்று பார்க்க நமக்கு ஏது விவரம்! மற்றப் புத்தகங்களெல்லாம் ஒரு ஓரத்தில் சொல்லிவிட்டு ஓடிவிடுகிற ஒரு வினை வடிவத்துக்கு அது பக்கம் பக்கமாகப் பயிற்சி கொடுத்திருந்தது. நேற்று ஒன்றை விரும்பினேன், அஞ்சினேன், அவர் வர வேண்டுமென்று காத்திருந்தேன் என்று சொல்லும்போது, அந்த விருப்பத்துக்கும் அச்சத்துக்கும் உள்ளே இருக்கும் வினைக்கென்றே தனியாக ஓர் உடுப்பு. நம் தமிழில் நேற்று விரும்பினாலும் 'வர வேண்டும்' தான், நாளைக்கு விரும்பினாலும் 'வர வேண்டும்' தான். "ஆசைக்கெல்லாம் தனியா சட்டை தச்சு வச்சிருக்கான் பாரு" என்று நீங்கள் அதிசயப்பட்டீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், நம் தோட்டத்தில் பறித்து மார்க்கெட்டுக்குப் போனது போக மிஞ்சிய மல்லிகை மொட்டைக் கட்டும்போதுதான் பாடம். முடிச்சுக்கு ஒரு வடிவம். கதை சொல்லும் இறந்தகாலத்தில் 'நீ'க்கு வரும் சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும், 'பேசினாய்' என்பதற்கு parlas. அதோடு வாலை ஒட்டினால் ஆயிற்று: parlasse, parlasses. 'நாம்' வந்தால் parlassions, 'நீங்கள்' வந்தால் parlassiez. 'அவன், அவள்' மட்டும் முரண்டு பிடிக்கும். வால் கிடையாது, உயிரெழுத்தின் தலையில் ஒரு கூரைக்குறி, கடைசியில் ஒரு t: parlât.

"அவனுக்கு மட்டும் வாலை வெட்டிட்டு உருமாக் கட்டி விடணும். உங்க அண்ணன் கணக்குத்தான், வேலை கம்மி, தலைக்கட்டு பெருசு" என்றீர்கள். கட்டிலில் படுத்திருந்த அண்ணன், "என் பேரு எதுக்குடி அங்க அடிபடுது?" என்று எழுந்து உட்கார்ந்தார். நீங்கள் அசராமல், "finît, vînt, fût" என்று உருமாக் கட்டிய மூன்று பேரை அவரைப் பார்த்தே சொன்னீர்கள். நான் சிரித்த சிரிப்பில் கட்டிய சரம் நழுவிப் போனது.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டை நினைத்தால் எனக்கு இன்னமும் காது சுடுகிறது, மதினி. கொடைக்கானல் பஸ் எங்கே நிற்கும் என்று தெரியாமல் ஒரு வெள்ளைக்காரத் தம்பதி விழித்துக்கொண்டு நின்றார்கள். வயதானவர்கள். அவர்கள் தங்களுக்குள் பிரெஞ்சில் பேசியதைக் கேட்டதும் என் கையை உதறிவிட்டுப் போய்விட்டீர்கள். பஸ்ஸைக் காட்டினீர்கள். அதோடு விட்டிருக்கலாம். நம் ஊர் வழக்கம் விடுமா? வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போகச் சொன்னீர்கள், அதுவும் எப்படி! "Nous voudrions que vous mangeassiez chez nous."

அந்தப் பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். பிறகு இருவரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். எனக்கு எங்கேயாவது ஓடிவிடலாமா என்றிருந்தது. பெரியம்மா உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக விளக்கினார். இந்த வடிவமெல்லாம் பழைய புத்தகங்களில்தான் இருக்கிறது, இப்போது யாரும் இப்படிப் பேசுவதில்லை, ஒரு மகாராணி வந்து சாப்பிடக் கூப்பிட்டதுபோல இருந்தது என்றார். நீங்கள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள்: நான் சொன்னதில் தப்பு இருக்கிறதா? இல்லை, அப்பழுக்கில்லை என்றார்.

"சரியாத்தான் இருக்காம்ல!" என்று என் பக்கம் திரும்பி, தலையிலிருந்த சரத்தைக் கழற்றி அந்தம்மாவுக்கு வைத்துவிட்டீர்கள். பஸ் ஏறிய பிறகு எனக்கு ஒரே எரிச்சல். நீங்களோ வழியெல்லாம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தீர்கள். "யோசிச்சுப் பாரேன். நம்ம பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் வந்து, 'அம்மையே, யாம் மதுரை ஏக விழைந்தோம்'னு சொன்னா எப்படி இருக்கும்? அவன் தமிழு தப்புன்னு சொல்ல முடியுமா? செத்த நேரம் சிரிப்போம். அப்புறம் கும்பிடுவோம்."

அதன் பிறகுதான் தேர்வு எழுதும் துணிச்சல் உங்களுக்கு வந்தது. அதற்குள் உங்கள் அப்பா போய்விட்டார். 'இனி யாருக்குக் காட்ட?' என்று விட்டுவிடுவீர்கள் என்று நினைத்தேன், நீங்கள் விடவில்லை. அண்ணன்தான் முனகினார்: "பூவுக்கு வெலையே இல்ல, இதுல பிரெஞ்சுப் பரிச்சை ஒண்ணுதான் குறைச்சல்." ஆனாலும் சென்னைக்கு டிக்கெட் போட்டவர் அவர்தான். வாய்மொழித் தேர்வு அறை வாசலில் உங்களிடம் கெஞ்சினேன், "மதினி, உள்ள போயி அந்தப் பழசை எடுத்து விட்றாதீங்க, புண்ணியமாப் போகும்." சரி சரி என்று தலையாட்டினீர்கள்.

வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது. ரயில் திண்டுக்கல் பிளாட்பாரத்தில் நின்ற பிறகுதான் சொன்னீர்கள். ஏன் பிரெஞ்சு படித்தீர்கள் என்று கேட்டார்களாம். பூ, தோட்டம், பரண் எல்லாம் சாதாரணப் பேச்சில் சொல்லியாயிற்று. கடைசியில் இது வந்து விழுந்ததாம்: "J'aurais voulu que mon père me vît ici." எங்கப்பா என்னை இங்கே பார்த்திருக்க வேண்டும்.

"அங்க சாதாப் பேச்சு பத்தலடி. அதான் உருமாவைக் கட்டிட்டேன்" என்றீர்கள். கேள்வி கேட்டவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு உங்களையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

தேர்ச்சி பெற்ற சான்றிதழ் வந்த அன்று அண்ணன் அதை வாங்கி, பைக்கை எடுத்துக்கொண்டு போனார். சட்டம் போட்டுக்கொண்டு வந்தார். சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்தார். உரக்கடைக்காரர் வந்தாலும் சரி, பூ வாங்குகிற கமிஷன் மண்டிக்காரர் வந்தாலும் சரி, காபிக்கு முன்னால் அதைக் காட்டாமல் விடமாட்டார். நீங்கள் போன பிறகும் அப்படித்தான். உங்கள் படத்துக்கு மாலை போடும்போது அதற்கும் ஒரு முழம் பூ வைக்கிறார். எதுக்கு என்று யாராவது கேட்டால், "அதுவும் அவதான்" என்கிறார்.

போன ஆடியில் உங்களைத் தூக்கிக்கொண்டு போனதிலிருந்து நான் இந்தப் புத்தகத்தைத் தொடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து பூக் கட்டும்போது வாய் தானாக parlasse, parlasses என்று ஆரம்பித்துவிட்டது. அடுத்த வாரமே தேர்வுக்குப் பணம் கட்டினேன். இந்தக் குடும்பத்தில் பிரெஞ்சு ஒரு ஆளோடு முடிந்துபோகக் கூடாது என்று பட்டது.

இனி காலையில் நடந்ததைச் சொல்கிறேன். தேர்வில் கேள்வி கேட்ட அம்மாள் உங்கள் வயதுதான் இருப்பார். யாரிடம் படித்தீர்கள் என்றார். Belle-sœur என்றேன். மதினிக்கும் நாத்தனாருக்கும் அந்த ஒரே சொல்தான், அதைப் பிரித்துப் பார்த்தால் 'அழகான சகோதரி' என்று தெரிந்த அன்று நீங்கள் எவ்வளவு குதித்தீர்கள்! யாரும் சொல்லித்தரவில்லை, இருவரும் சேர்ந்து படித்தோம், இப்போது அவர் இல்லை என்றேன். அதோடு நிறுத்தத்தான் நினைத்தேன். வாய் கேட்கவில்லை. "J'aurais voulu qu'elle m'entendît." நான் பேசுவதை அவர் கேட்டிருக்க வேண்டும்.

அந்த அம்மாள் புன்னகைத்து, "இந்த வடிவத்தை இப்போது யாரும் பேசுவதில்லை, தெரியுமா?" என்று கேட்டார்.

வத்தலக்குண்டில் கூசியவள்தான் நான். இன்று கூசவில்லை, மதினி. நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன்:

"தெரியும். எங்கள் வீட்டில் பேசுவோம்."