தட்டைக் காயவிட்டேன், அக்கா

என் செல்ல டெய்சி அக்காவுக்கு,

நீ போய் ஏழு மாதமாகிறது. உன் குஞ்சு பொரிக்கும் பெட்டியை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. மௌலா அலி ஏரியாவில் நம் வீட்டுப் பின்னறையில் அதே இடத்தில்தான் இருக்கிறது. நேற்று அதில் முப்பது முட்டைக்கு இருபத்தாறு குஞ்சு வந்தது. இந்த ஆகஸ்ட் மழையில், அக்கா! கேட்கிறதா?

போன வருஷம் இதே மழைக்காலத்தில் உனக்கு ஒன்றுகூட வரவில்லை. சர்ச் அறுவடைப் பண்டிகை ஏலத்துக்குக் குஞ்சுகள் தருவதாகச் சொல்லிவிட்டு வெறுங்கையோடு போனாய். பெட்டியைச் செய்து தந்த விக்டர் அண்ணன் மைக்கைப் பிடித்தார். "பெட்டியக் குத்தம் சொல்ல நக்கோ, சொல்ல வேணாம். டெய்சி சிஸ்டருக்குக் கைராசி இல்ல, அவ்ளோதான்." சபையே சிரித்தது. பிள்ளை இல்லாத உன்னைப் பார்த்துச் சிரித்தது. நீயும் கூடச் சேர்ந்து சிரித்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து முட்டைகளை உடைத்துப் பார்த்தோம். எல்லாம் முழுசாக வளர்ந்த குஞ்சுகள். உடம்பெல்லாம் நீர் கோத்து, ஓட்டைக் கொத்தாமலேயே செத்திருந்தன. அவற்றைச் செய்தித்தாளில் வரிசையாக வைத்து, "என் கைதான்டி" என்றாய். ஜனவரியில் நெஞ்சுவலி வந்து ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கிடந்தபோதும் அதையே சொன்னாய்.

கை இல்லை அக்கா, பெட்டிக்குள் தட்டில் ஊற்றிய தண்ணீர். "தட்டு எப்பவும் நெறஞ்சிருக்கணும்" என்று விக்டர் அண்ணன் சொன்னது மே மாத வெயிலில். அப்போது காற்றே காய்ந்து கிடந்தது. நீ அவர் பேச்சைத் தட்டாமல் மழையிலும் ஊற்றினாய். முட்டைக்குள் இருக்கும் நீர் கொஞ்சம் வற்றினால்தான் குஞ்சு மூச்சுவிட உள்ளே இடம் கிடைக்கும். வெளியிலும் ஈரம், பெட்டிக்குள்ளும் ஈரம் என்றால் எப்படி வற்றும்? ஆபீஸில் என் வேலையே அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்புத் தேடுவதுதான். இதை அப்போதே தேடியிருக்கக் கூடாதா நான்?

இந்தத் தடவை பதினெட்டு நாள் தட்டைக் காயவிட்டேன். கடைசி மூன்று நாள் மட்டும் தண்ணீர் ஊற்றினேன்.

இப்போது நல்ல சேதி கேள். விக்டர் அண்ணன் தானே பெரிய பெட்டி போட்டு, இந்தப் பண்டிகைக்கு நூறு குஞ்சு தருவதாகச் சபையில் அறிவித்திருக்கிறார். முதல் தடவை வைத்த முட்டை முழுக்கப் போச்சு. நேற்று மாலை வந்து உன் குஞ்சுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஸ்டெல்லா, நீ எவ்ளோ தண்ணி ஊத்துறேம்மா?"

"உங்களுக்குக் கைராசி இல்லண்ணே, அவ்ளோதான்."

அவர் முகம் செத்துப்போயிற்று. பொய் சொல்ல மாட்டேன் அக்கா, எனக்கு ரொம்ப இனித்தது.

இரண்டாம் தடவை முட்டை வைத்துப் பத்து நாள் ஆகிறதாம். இப்போது தட்டைக் காயவிட்டால்கூடப் பாதியாவது பிழைக்கும். நீயாக இருந்தால் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பாய். நான் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழமை அதே மைக்குல, டெய்சி கையில குத்தமில்லன்னு சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்" என்றேன்.

"சபை முன்னாடியா? நக்கோம்மா" என்று போய்விட்டார்.

போகட்டும். ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்காருவேன். அவர் உன் பெயரைச் சொன்னால், நேரே அவர் வீட்டுக்குப் போய் தட்டுத் தண்ணீரை நானே வெளியே கொட்டுவேன். சொல்லாவிட்டால், பண்டிகையன்று உன் குஞ்சுக் கூடையோடு அந்த மைக்கை நான் பிடிப்பேன். சத்தியம்.

உன் கையைப் பிடித்து நடை பழகிய தங்கை,
ஸ்டெல்லா